பை வேண்டாத வேலை

மேம்பாலத்துக்கு அடியில் விடியும்போதே வரிசை விழுந்துவிடும். வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, பைகள்தான் நிற்கும். சிமெண்டுச் சாக்கைக் கிழித்துத் தைத்த பை, அதன்மேல் ஆளின் தொழிலைச் சொல்கிற கருவி ஒன்று. கொத்தனார் பைமேல் கரண்டி, தச்சர் பைமேல் இழைப்புளி, கம்பி கட்டுகிறவன் பைமேல் குறடு. ஆட்கள் தூணில் சாய்ந்துகொண்டும் டீக்கடை பெஞ்சில் குந்திக்கொண்டும் வம்பு பேசுவார்கள். ஆள் தேடி வருகிறவர் பைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார். வேண்டிய கருவியைக் குனிந்து கையில் எடுப்பார். எடுத்துவிட்டால் அதற்குச் சொந்தக்காரன் எழுந்து போகவேண்டியதுதான்.

"பொண்ணு பாக்க வர்றவன்கூட மூஞ்சியப் பாக்குறான். நம்மளப் பாக்க வர்றவன் கரண்டியத்தான்யா பாக்குறான்" என்பார் கடப்பாரை. பள்ளம் தோண்டுகிறவர். அவர் கருவிதான் அவர் பட்டப்பெயரும். ஆளும் அதே நீளம், அதே கறுப்பு.

"உன் மூஞ்சியப் பாத்தா கூப்பிட வந்தவனும் ஓடிருவான். கடப்பாரையே பரவால்ல" என்பாள் டீக்கடை அக்கா.

வரிசையில் ஒருவர் இன்னொருவர் பையைத் தாண்டித் தன் பையை வைக்கக் கூடாது. அது ஒரு கட்டு. நேற்று எங்கே வேலைக்குப் போனாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அது இன்னொன்று. கேட்டால் சொல்லவேண்டி வரும். சொன்னால், நாளைக்குக் கேட்டவன் அந்த வீட்டு வாசலில் குறைந்த கூலி சொல்லி நிற்பான். அதனால் வந்த பழக்கம். பழகிப் பழகி, யார் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பதை யாரும் கண்டுகொள்ளாத இடமாகிப் போனது அது.

அந்த வருஷம் மழை விட்ட பாடில்லை. மழையில் வெளிப்பூச்சு நிற்காது, அஸ்திவாரம் தோண்ட முடியாது, கட்டடங்கள் பாதியில் நின்றன. காலையில் வைத்த பைகள் மத்தியானம்வரை வைத்த இடத்திலேயே நனைந்தன. அப்போதுதான் வேன் அடிக்கடி வர ஆரம்பித்தது.

வேனில் வருகிறவன் பெயின்டர். ஒரு காலத்தில் இதே வரிசையில் பிரஷ்ஷை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவன். இப்போது அவன் நகக்கண்ணில் பெயின்ட் இல்லை. வேனை விட்டு இறங்கமாட்டான். கண்ணாடியை இறக்கி, பைகளைப் பார்க்காமல் ஆட்களைப் பார்ப்பான். "நீ, நீ, அந்தச் சட்டை. பை வேணாம், வச்சிட்டு ஏறு."

பை வேண்டாத வேலை என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரியும். யாராவது காலி செய்யமாட்டேன் என்கிற வாசலில் போய் நிற்பது. கடையைச் சாத்தச் சொல்லி மிரட்டுகிற இடத்தில் கூட்டத்தோடு நிற்பது. நின்றால் போதும் என்றுதான் சொல்வார்கள். போன மழைக்கு அப்படி நிற்கப்போன கம்பிக்காரன் இன்னும் திரும்பவில்லை. அங்கே ஒருவனுக்குக் கத்திக்குத்து விழுந்தது. குத்தியது யார் என்பது குத்தியவனுக்கும் பெயின்டருக்கும் தெரியும். ஓடத் தெரியாமல் போலீஸில் அகப்பட்டவன் கம்பிக்காரன். கையில் வெறும் குடைதான் வைத்திருந்தானாம். அவன் வைத்துவிட்டுப் போன பையும் குறடும் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடக்கின்றன. கூட்டும்போது அக்கா அதைத் தூக்கி, கூட்டிவிட்டு, மறுபடி அங்கேயே வைப்பாள்.

சுவர் பூசுகிற பூச்சுக்காரன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்த்தது உள்ளே போய்ச் சேரவில்லை. அவன் மனைவி காய்ச்சலில் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்பும் அவன் வாயாடி இல்லை. அதற்குப் பிறகு அவனிடமிருந்து வந்தது பெரும்பாலும் "ம்" ஒன்றுதான். காலையில் வந்து பையை வைப்பான். யாராவது கரண்டியை எடுத்தால் போவான். எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போவான். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அவன் பைக்குப் பக்கத்தில் மச்சினன் பை இருக்கும். மனைவியின் தம்பி. தரையில் டைல்ஸ் ஒட்டுகிறவன், பைமேல் டைல்ஸ் வெட்டுகிற கட்டர். அந்த மழைக்காலத்தில் மூன்று முறை அவன் பை மட்டும் வரிசையில் இருந்தது, ஆள் வேனில் போயிருந்தான். மூன்று முறையும் பூச்சுக்காரன் எதிரே சிக்னல் விளக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

*

வீடு மாடியில், தகரக் கூரை போட்ட ஒரே அறை. பக்கத்தில் நிற்க மட்டும் இடமுள்ள சமையல்கட்டு. வெளியே தொட்டியும் துவைக்கிற கல்லும். மாமியாரும் மச்சினனும் அவனும் அதில் இருந்தார்கள். மகள் போன பிறகு மருமகன் எந்தக் கணக்கில் அந்த வீட்டில் இருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அவனுக்கும் தெரியவில்லை. மழை விட்டதும் வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்தான். போகிறேன் என்று எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால் இருந்தான்.

மாமியார் நாலு வீட்டுத் துணி துவைக்கிறவள். அன்று காலை அவன் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது கல்லிலிருந்து நிமிராமல் கூப்பிட்டாள்.

"மாப்ள."

"ம்."

"உங்க சட்டைய அலசுனா சாம்பல் தண்ணியா போகும். எத்தனை தடவ அலசுனாலும் கொஞ்சம் போயிட்டேதான் இருக்கும். வேலையில்லாத நாளும் போகும். சிமெண்டு நூலுக்குள்ள இருக்கு."

"ம்."

"இவன் சட்டையும் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப பாருங்க." அவள் வாளியைச் சாய்த்துக் காட்டினாள். "குடிக்கலாம் போல இருக்கு."

"மழை அத்தை. வேலை இல்ல."

"வேலை இல்லாதவன் மூட்டையா அரிசி கொண்டாந்து போடுறான். எனக்குக் கம்பளி வாங்கியாறான். தகரம் ஒழுகுதுன்னு நேத்து ஆளைக் கூட்டியாந்து அடைக்கிறான். நான் கேட்டா, சும்மா இரும்மாங்கிறான்." அவள் சட்டையை முறுக்கினாள். தண்ணீர் சுத்தமாக விழுந்தது. "ஒரு சட்டைல காலர் பட்டன் இல்ல. பிச்சு எடுத்த மாதிரி துணியோட போயிருக்கு. யாரோ கொத்தாப் பிடிச்சிருக்காங்க."

அவன் வாயைக் கொப்பளித்தான்.

"நீங்க ஒரு வார்த்தை கேளுங்க மாப்ள. அவ இருந்தா காதைத் திருகிக் கேட்டிருப்பா."

அந்த வீட்டில் 'அவ' என்ற சொல்லை ஒருவரும் எடுப்பதில்லை. எடுத்துவிட்டாள். அடுத்த துணியை எடுத்து வாளியில் முக்கினாள்.

சாயங்காலம் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சினன் மொட்டைமாடித் திண்டில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான். மழை சற்று ஓய்ந்திருந்தது. பூச்சுக்காரன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். எப்படிக் கேட்பது என்று யோசித்தான். யோசித்துப் பார்த்து, யோசிக்காமல் கேட்டான்.

"நேத்து எங்க போன?"

மச்சினன் காலாட்டுவதை நிறுத்தினான். "என்ன மாமா, வரிசைல கேக்கக் கூடாததெல்லாம் கேக்குற."

"இது வரிசை இல்ல. வீடு."

"அம்மா ஏத்திவிட்டுச்சா?"

"ம்."

"நீயா கேக்கலையா அப்ப."

மச்சினனே பேசினான். "நான் யாரையும் அடிக்கல மாமா. சும்மா நின்னேன். நிக்கிறதுக்குக் கூலி. பத்து பேரு நின்னா அவங்களா போயிருவாங்க. மொத ரெண்டு இடத்துல அப்படித்தான் போனாங்க."

"மூணாவது?"

"ஒரு பெரியவர் வந்து என் சட்டையப் பிடிச்சாரு. உங்கப்பன் வயசுடா எனக்குன்னாரு." அவன் எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டியைப் பார்த்தான். "தள்ளிவிட்டேன். விழுந்துட்டாரு. எந்திரிச்சிட்டாரு, அதையும் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"கம்பிக்காரன் என்ன ஆனான்னு தெரியும்ல."

"தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண? பையோட உக்காந்தா ஒருத்தன் திரும்பிப் பாக்கல. பை இல்லாம வான்னா வேன் வருது. இத்தனை வருஷம் டைல்ஸ் ஒட்டியிருக்கேன், ஒருத்தன் என்னைப் பாத்து நீ வேணும்னு சொன்னதில்ல. கட்டரைத்தான் எடுப்பான். அந்தப் பெயின்டர் என்னைப் பாத்து, நீ வாங்கிறான்." சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. "வெள்ளிக்கிழமை பெரிய வேலையாம். வந்துட்டா அப்புறம் தெனம் இருக்குமாம். மழை வெயில் கெடையாது."

"போகாத."

"போகாம?"

பூச்சுக்காரன் வாயைத் திறந்தான். போகாமல் என்ன செய்வது என்று சொல்ல அவனிடமும் ஒன்றும் இல்லை. மூடிக்கொண்டான்.

"பாத்தியா" என்றான் மச்சினன். "அக்கா போனதுலேர்ந்து நீ எங்களப் பாக்குறதே இல்ல மாமா. நாங்களும் வரிசைல வச்ச பையா?"

*

வெள்ளிக்கிழமை வேன் வந்தபோது தூறல். கண்ணாடி இறங்கியது. பெயின்டர் விரலால் ஆட்களைப் பொறுக்கினான். மச்சினன் எழுந்தான். கடப்பாரையும் எழுந்தார்.

"நீ எதுக்குய்யா?" என்றாள் டீக்கடை அக்கா.

"வீட்ல அடுப்பு நனைஞ்சு கெடக்கு. கேள்வி கேக்காத" என்றார். அவர் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. கடப்பாரையைத் தூணில் சாத்திவிட்டு, அதைத் திரும்பிப் பார்க்காமல் ஏறினார்.

பூச்சுக்காரனிடம் திட்டம் எதுவும் இல்லை. கால் தானாக நடந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேன் கதவருகே போய் நின்றான்.

"என்ன வேலை?" என்றான்.

பெயின்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "பேசுவியா நீ? பரவால்லையே. ஆளு வேணும்தான், ஏறு. பையை வை."

"என்ன வேலைன்னு கேட்டேன்."

"ஏறுன்னா ஏறு. இல்ல வழிய விடு."

அவன் ஏறினான். பையோடு.

"யோவ், பை."

"இத நான் எங்கயும் விட்டுட்டுப் போனதில்ல. நீயும் வரிசைல இருந்தவன், உனக்கே தெரியும்."

பின்னால் பேருந்து ஒன்று ஹாரனை அமுக்கியது. பெயின்டர் வைதுகொண்டே கதவைச் சாத்தச் சொன்னான். உள்ளே மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு, "இறங்கு மாமா" என்றான்.

"நீ இறங்குனா இறங்குறேன்."

இரண்டு பேரும் இறங்கவில்லை.

வேன் ஒரு சந்து முனையில் நின்றது. இருக்கைக்கு அடியிலிருந்து நீளமான இரும்புக் குழாய்களை எடுத்துப் பெயின்டர் ஆளுக்கொன்று கொடுத்தான். பூச்சுக்காரன் கரண்டியை ஒரு கையிலும் பையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றதால் அவனுக்குக் கொடுக்கவில்லை.

"சந்துல எல்லாரும் காலி பண்ணிக்கிட்டு இருக்காங்க. மூணாவது வாசல் மட்டும் அடம் பிடிக்குது. தையல் வேலை. சொல்லிப் பாத்தாச்சு. உள்ள போங்க, தையல் மிஷினைத் தூக்கி வெளிய போடுங்க. அவ்ளோதான்."

"குறுக்க வந்தா?" என்றார் கடப்பாரை.

"பாத்துக்கோங்க" என்றான் பெயின்டர். "நான் முனைல இருக்கேன்."

எது நடந்தாலும் நடக்கிற இடத்தில் இல்லாமல் இருப்பது அவனுக்கு இப்போது தொழில்.

எட்டுப் பேர் சந்துக்குள் நடந்தார்கள். குழாயை எப்படிப் பிடிப்பது என்று யாருக்கும் பிடிபடவில்லை. உயரக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன் பழக்கதோஷத்தில் அதைத் தோளில் வைத்துக்கொண்டான். மூன்றாவது வாசலுக்கு வந்ததும் எல்லோரும் நின்றார்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மிஷின் ஓடும் சத்தம். யார் தட்டுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பூச்சுக்காரனின் கண் சுவருக்குப் போனது. போகாமல் இருக்காது. கதவுக்கு இடப்பக்கம் பூச்சு வயிறு தள்ளியிருந்தது. மேலே மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய் உடைந்து, தண்ணீர் சுவருக்கும் பூச்சுக்கும் நடுவில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கரண்டியைத் திருப்பி, அதன் பிடியால் தட்டினான். வலப்பக்கம் கெட்டிச் சத்தம். நடுவில் மங்கல். இடப்பக்கம் பொத்தென்று வெற்றுப் பெட்டியைத் தட்டுவது போலக் கேட்டது. இன்னொரு மழைக்கு ஆளுயரத்துக்குப் பெயர்ந்து விழும். வாசலில் நிற்கிறவர் தலையில் விழும். இன்னும் மேலே தட்டினான்.

மிஷின் நின்றது. கதவு திறந்தது.

கழுத்தில் அளவு நாடா தொங்க ஒரு பெண் நின்றாள். அவள் பின்னால், மிஷினுக்கு முன்னால், ஒரு கால் சூம்பிய ஆள் எழ முயன்றுகொண்டிருந்தார். அவள் குழாய்களைப் பார்த்தாள். ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் பார்வை பூச்சுக்காரன் கையிலிருந்த கரண்டியில் நின்றது. அங்கேயே நின்றது.

பிறகு, தேவைக்கு அதிகமான சத்தத்தில் கேட்டாள். "சுவர் பூச வந்தீங்களா?"

தூறல் குழாய்களில் பட்டுச் சொட்டியது.

"ஆமாம்மா" என்றான் பூச்சுக்காரன். "பூசத்தான்."

"ஓனருகிட்ட எத்தனை தடவ சொல்லியிருப்பேன். இப்பவாச்சும் அனுப்புனாரே." கழுத்து நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பேச்சை நிறுத்தவில்லை. "இந்தக் குழாயெல்லாம் எதுக்குத் தம்பி?"

அதை அவள் மச்சினனைப் பார்த்துக் கேட்டாள். அவன்தான் கதவுக்கு மிக அருகில் நின்றவன். அவன் உள்ளே மிஷினைப் பார்த்தான். எழுந்து நிற்க முடியாமல் மிஷினைப் பிடித்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தான். கடைசியில் மாமனைப் பார்த்தான். மாமனும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பாலத்துக்கடியில் போலச் சிக்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

"சாரம் கட்டத்தான் அக்கா" என்றான் மச்சினன். "மேல வரைக்கும் வீங்கியிருக்குல்ல. ஏணி பத்தாது."

"அதானே பாத்தேன்" என்றாள் அவள்.

கடப்பாரை மூச்சை விட்டார். அவர் விட்டதும் மற்றவர்களும் விட்டார்கள்.

"அப்ப கட்ட வேண்டியதுதானேய்யா" என்றார். "கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நிக்கிறீங்க."

கட்டினார்கள். கயிறு இல்லை. தையல்கார அம்மா துணி ஓரங்களை வெட்டிய நாடாக்களைக் கூடையோடு கொண்டுவந்து கொட்டினாள். பூப்போட்டது, கோடு போட்டது, பள்ளிச் சீருடை நீலம். சாரம் கட்டுகிறவன் அவற்றை மூன்றாக முறுக்கிக் குழாய்களை முடிந்தான். "பத்துமாடி கட்டிருக்கேன். பாவாடை நாடால கட்டுனதில்ல" என்றான்.

"மழைல பூசுனா நிக்காதும்மா" என்றான் பூச்சுக்காரன். "உதிர்றதத் தட்டி எடுத்துருவோம். மேல குழாய அடைச்சா சுவர் காயும். காஞ்சப்புறம் வந்து பூசித் தர்றேன்." ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தை பேசி எவ்வளவு நாளாயிற்று என்று அவனுக்கே ஞாபகம் இல்லை.

மச்சினன் மேலே ஏறி உடைந்த குழாயில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி நாடாவால் இறுக்கினான். பூச்சுக்காரன் கீழிருந்து தட்டத் தட்ட, வீங்கிய பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. சத்தம் கேட்டுச் சந்தில் ஜன்னல்கள் திறந்தன. காலி செய்வதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "இங்க ரிப்பேர் பாக்குறாங்களா? அப்ப இடிக்கலையா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார். கூடச் சில பெண்களும் வந்து நின்றார்கள். தையல்கார அம்மா எல்லோருக்கும் டீ போட்டாள். டம்ளர் பத்தாமல் எதிர்வீட்டு மூட்டையை அவிழ்த்து எடுத்தார்கள்.

சத்தம் வரவேண்டிய நேரத்தில் வேறு மாதிரிச் சத்தம் வந்ததால், பெயின்டர் முனையிலிருந்து உள்ளே வந்தான். சாரத்தைப் பார்த்தான். டீ டம்ளர்களைப் பார்த்தான்.

"என்னய்யா நடக்குது இங்க?"

"வேலை" என்றார் கடப்பாரை.

"உங்கள எதுக்குக் கூட்டியாந்தேன்?"

"நீ சொல்லலையே" என்றான் பூச்சுக்காரன். "என்ன வேலைன்னு கேட்டேன். ஏறுன்னுதான் சொன்ன. நாங்களா பாத்து ஒண்ணு எடுத்துக்கிட்டோம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதுதான் பெயின்டருக்குப் பொறுக்கவில்லை. பூச்சுக்காரனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். பொடி உதிர்ந்து இரண்டு பேர் தலையிலும் விழுந்தது. மறுபடி மோதினான்.

மேலிருந்த மச்சினன் தொங்கிக் கீழே குதித்தான். கையில் சாரத்திலிருந்து உருவிய குறுக்குக் குழாய். இம்முறை அதை எப்படிப் பிடிப்பது என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது. பெயின்டரின் பின்மண்டை அவனுக்கு நேராக, இரண்டு எட்டில் இருந்தது. குழாய் உயர்ந்தது.

"மச்சான்" என்றான் பூச்சுக்காரன். கழுத்து நெரிபட்டதால் குரல் சிறிதாகத்தான் வந்தது. "அது சாரத்துக் குழாய். எடுத்த இடத்துல வை."

மச்சினன் அசையவில்லை.

"மேல ஆளு இருக்குடா. சரிஞ்சிரும்."

மேலே சாரம் கட்டுகிறவன் உட்கார்ந்திருந்தான். நிஜமாகவே ஒரு பக்கம் ஆடியது. மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். திரும்பிப் போய்க் குழாயைக் குறுக்கே வைத்தான். நாடாவை எடுத்து முடிந்தான். முடிச்சு இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் விழுந்தது.

பெயின்டர் சட்டையை விட்டான். சந்து நிறைய முகங்கள். ஓங்கவோ ஓடவோ அங்கே இடம் இல்லை.

"நாளைக்கு வேற ஆளு வரும்" என்றான்.

"வரட்டும். இன்னும் சுவர் பாக்கி இருக்கு" என்றாள் தையல்கார அம்மா. அவன் முனை திரும்பிய பிறகுதான் அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். பூச்சுக்காரனைப் பார்த்து, "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? பார்த்தவுடனே தெரிஞ்சிருச்சு. இன்னிக்கு முடிஞ்சுது நம்ம கதைன்னு நெனச்சேன். அத்தனை குழாய்க்கு நடுவுல ஒரு கரண்டி இருந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டேன்" என்றாள்.

*

மறுநாள் வேறு ஆட்கள் வந்தார்கள்தான். சந்தில் மூட்டைகள் எல்லாம் அவிழ்க்கப்பட்டிருந்தன. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். வந்தவர்களைவிடக் குடியிருக்கிறவர்கள் அதிகமாக நின்றதால், வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். காலி செய்யச் சொன்னதை எதிர்த்துச் சந்துக்காரர்கள் போட்ட வழக்கு இப்போது கோர்ட்டில் இருக்கிறது. மிஷின் ஓடுகிறது.

அடுத்த வாரம் வேன் பாலத்துக்கடியில் வந்து நின்றபோது பெயின்டர் வழக்கம்போல விரலை நீட்டினான். "பை வேணாம். ஏறு."

"என்ன வேலை?" என்று பெஞ்சிலிருந்து கேட்டார் கடப்பாரை.

"உன்னக் கூப்பிடல."

"தெரியும். கேக்குறேன். என்ன வேலை? எங்க? யாரு வீடு?"

"ஆமா, யாரு வீடு?" என்றாள் டீக்கடை அக்கா, டம்ளரைக் கழுவிக்கொண்டே.

அப்படியும் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவன் வீட்டில் கைக்குழந்தை. அவன் பையை அக்கா எடுத்துப் பெஞ்சுக்கு அடியில் வைக்கவில்லை. வரிசையிலேயே வைத்தாள். "திரும்பி வந்தா இங்கதான் பாக்கணும் அவன்" என்றாள். அன்றிலிருந்து கம்பிக்காரனின் குறடும் தினமும் காலையில் வரிசையில் உட்கார்ந்தது. அவன் ஜாமீனுக்குக் கடப்பாரையும் இன்னும் இரண்டு பேரும் வக்கீலைத் தேடி அலைகிறார்கள். அலைந்தவரைக்கும் கிடைத்தது வசவுதான் என்றாலும், அவன் சிறையில் இவர்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "குறடு துருப்பிடிக்காம இருக்கா" என்றுதானாம்.

சாயங்காலங்களில் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. யாருக்கு எங்கே வேலை, எத்தனை ஆள் தேவைப்படும் என்று. ஆரம்பத்தில் இழுத்து இழுத்துத்தான் சொன்னார்கள். ஒருவன் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு ஒரு வாரம் கிண்டல் பட்டான். நேற்று எங்கே போனாய் என்று கேட்டால் முறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனாலும் கேட்கிறார்கள். தையல்கார அம்மாவின் சந்தில் எல்லா வீட்டுச் சுவரும் வீங்கித்தான் இருந்தது. அந்தச் சந்தே முதலில் அப்படிப் பங்கு பிரிக்கப்பட்டது.

மழை விட்டு வெயில் அடித்த முதல் வாரத்தில் மூன்றாவது வாசல் பூச்சு முடிந்தது. உள்ளே தரை பெயர்ந்திருந்த இடத்தில் மச்சினன் டைல்ஸ் ஒட்டினான். பேசியிருந்த கூலியோடு, காலர் பிய்ந்த அவன் சட்டைக்குத் தையல்கார அம்மா புதுக் காலர் வைத்துக் கொடுத்தாள். பட்டன் மட்டும் வேறு நிறம்.

மறுநாள் காலை பூச்சுக்காரன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். மாமியார் கல்லில் துவைத்துக்கொண்டிருந்தாள். வேறு ஊருக்குப் போவதைப் பற்றித் தான் நினைத்தே பல நாளாகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"மாப்ள."

"சொல்லுங்க அத்தை."

அவள் ஒரு கணம் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு பட்டன் மாறிய சட்டையை வாளியில் முக்கி, எடுத்து, முறுக்கினாள். சாம்பல் நிறத்தில் தண்ணீர் வழிந்து கல்லெல்லாம் ஓடியது. அவள் அதை அலசிவிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எவ்ளோ அழுக்கு பாருங்க" என்றாள்.

அறைக்குள்ளிருந்து மச்சினன் குரல் கொடுத்தான். "மாமா, நேரமாச்சு. உன் பைய நான் எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ" என்றான் பூச்சுக்காரன். "இதோ வந்துட்டேன்."